ஆல்ட்டோவும் ஐந்து கட்டையும்

நாற்பத்தாறு வயதில் எதற்கு சாக்ஸபோன் என்று கேட்டவர்களிடம் ஆசை என்று மட்டும்தான் சொன்னேன். வேறு காரணம் கிடையாது. புதுச்சேரியில் சர்ச் பேண்டில் வாசித்த ஒருவர் வெளியூருக்குக் குடிபோகும்போது விற்ற ஆல்ட்டோ வகை சாக்ஸபோன் அது. முலாம் அங்கங்கே போயிருந்தாலும் துளைகள் மேலிருக்கும் சாவிகள் எல்லாம் சரியாக மூடின. அதைச் சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். சோதிப்பதுதான் என் பிழைப்பே. கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில், பிரஷர் கேஜும் டெம்பரேச்சர் மீட்டரும் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கிற வேலை. இருபது வருஷமாக நான் ஒரு கேஜைத் தப்பு என்று சொன்னால் அது தப்புதான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

வாத்தியார் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. செல்போனில் வீடியோ பார்த்தேன், விரல் வைக்கும் படத்தைப் பிரிண்ட் எடுத்து மாடி அறைச் சுவரில் ஒட்டினேன். வாயில் வைக்கிற மெல்லிய நாணல் சீவலுக்கு ரீட் என்று பெயர். அதை எச்சிலில் ஊறவைத்து, கீழுதட்டைப் பல்லின் மேல் மடித்து, கன்னம் உப்பாமல் ஊத வேண்டும். முதல் வாரம் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது வாரம் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. உதட்டின் உள்பக்கம் புண்ணாகி, ரசம் சாதம் சாப்பிட்டால்கூட எரிந்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் ஊதுவேன்.

"லாரிதான் ரிவர்ஸ் எடுக்குதுன்னு நெனச்சு வாசலுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன் மாமா" என்றாள் என் மனைவி. முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்.

எட்டு மாதத்தில் ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அப்போது மனைவியின் தம்பிக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் நிச்சயமானது. "ரிசப்ஷன்ல நீங்க ஊதுங்க மாமா, பாப்பா பாடட்டும்" என்றான் மச்சான். பாப்பா என்றது என் மகளை. பிளஸ் ஒன் படிக்கிறாள். ஏழு வருஷமாகத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீச்சரிடம் பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் டீச்சர் தன் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். இரண்டு மாதம் வகுப்பு இல்லை. நானே பிராக்டிஸ் கொடுக்கிறேன் என்று கிளம்பினேன்.

நம் ஊரில் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். சி என்றால் ஒரு கட்டை, டி இரண்டு, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஜி ஐந்து கட்டை. மகள் பாடுவது ஐந்து கட்டை. சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்து நான் ஜியில் ஆரம்பித்தால் தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

முதல் நாளே அவள் நிறுத்தினாள். "அப்பா, இது அஞ்சு மாதிரி இல்லப்பா. ரொம்ப மேல இருக்கு."

"ஜி அஞ்சு கட்டைதானே?"

"ஆமா. ஆனா செல்லுல சுருதி ஆப்ல அஞ்சு வச்சா வேற மாதிரி வருது."

"நடுவுல நடுவுல விளம்பரம் போடுற ஆப்ப நம்புவ, அப்பன நம்பமாட்டியா? மீட்டர் பாக்குறது என் வேல. மொதல்ல அத அழி. இதுல சுருதி புடி."

அழித்துவிட்டாள். அன்றிலிருந்து என் சாக்ஸபோனைக் கேட்டுத்தான் பாடினாள். சரணத்தில் மேலே போகும் இடத்தில் தினமும் குரல் பிசிறியது. நான் விட்டேனா? ஏழு வருஷம் கற்றுக்கொண்டு என்ன கிழித்தாய் என்று கேட்டேன். செல்போனை நோண்டுவதைக் குறைத்தால் குரல் தானாக ஏறும் என்றேன். மூன்றாவது வாரம் அவள் நடுப்பாட்டில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குக் குரல் போயிடுச்சுப்பா" என்றாள். மனைவி கீழேயிருந்து வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் சிதம்பரம் போனேன். ரிசப்ஷனுக்கு கீபோர்டு வாசிக்கப்போகிற பையனின் வீடு கீழவீதிக்குப் பின்னால் இருந்தது. என்னைவிட இருபது வயது சின்னவன். ஐந்து கட்டை என்று சொல்லிவிட்டு ஊதினேன். நாலு வரி கேட்டான்.

"சார், அஞ்சுன்னீங்க. ஆறரையில ஊதுறீங்களே."

"ஜிலதானே ஊதுறேன்?"

"இது ஆல்ட்டோ சார். நீங்க சி-ன்னு வெரல் வச்சா வெளிய ஈ ஃப்ளாட் வரும். ஜி-ன்னு வச்சா ஆறரை. அஞ்சு வேணும்னா, ஈ-க்கு வெரல் வைங்க." கீபோர்டில் ஐந்து கட்டையை அழுத்திக் காட்டினான். நான் ஈ ஊதினேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் போனது. வீட்டில் போய் என்ன சொல்வது என்பதுதான் மண்டையில் ஓடியது. தப்பு என்னுடையது, உன் குரலுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சிப்காட் தாண்டும்போது அதைச் சொல்லாமலே சமாளிக்க ஒரு வழி தோன்றிவிட்டது.

"சரி, உனக்காக எறக்கி வாசிக்கிறேன். வா" என்றேன் அவளிடம்.

ஈயில் ஆரம்பித்தேன். அவள் அலட்டிக்கொள்ளாமல் பாடினாள். சரணம் வழுக்கிக்கொண்டு போனது. "தேங்க்ஸ்பா" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளன்றைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓட்டினேன்.

ரிசப்ஷனில் பாட்டு நன்றாகவே அமைந்தது. நான் இரண்டு இடத்தில் கீச்சினேன். அவள் எங்கும் தவறவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மனைவியின் அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "என்னா கொரலுடி ஒனக்கு" என்றார்.

"இல்ல பெரியம்மா. என்னால அஞ்சு கட்டையில பாட முடியல. அப்பாதான் எனக்காக எறக்கி வாசிச்சாரு."

பந்தியில் நாலைந்து பேர் என்னை மெச்சிப் பார்த்தார்கள். நல்ல அப்பா என்று ஒருவர் சொன்னார்.

"அவ பாடுனது அஞ்சு கட்டைதான்" என்றேன். "நான்தான் தெரியாம ஆறரையில ஊதிக்கிட்டு அவளத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அக்கா சிரித்துவிட்டு மோர் கேட்டார். மகள் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவுகிற இடத்துக்கு என் பின்னாலேயே வந்தாள். "அப்ப என் குரல் போகலையா?"

"போகல."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பத்து நாளாச்சு."

குழாயை மூடினாள். "திங்கக்கிழம டீச்சர் ஊர்லேந்து வந்துட்டேன்னு போன் பண்ணாங்கப்பா. இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"நாளைக்கு நானே வந்து சொல்றேன், என் தப்புதான்னு" என்றேன்.

"வேணாம். நான் சொல்லிக்கிறேன். நீங்க வண்டியில கொண்டு வுட்டுட்டு வெளியில நில்லுங்க."

மறுநாள் சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து அவள் கதவு வரைக்கும் வந்தாள். "நீங்க போங்கப்பா, கிளாஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.