ரத்தம் எங்கே போனது?

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்தாறு வயது. பழுதான லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவருக்கு லிஃப்ட் கிடையாது. மாடி மாடியாகப் படியேறித்தான் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போகவேண்டும். அங்கே மணிக்கணக்கில் தனியாக வேலை. வீட்டிலும் தனிதான். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. வெளியூரில் ஒரு தங்கை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

"சாப்பிட்டியாண்ணா?"

"ஆச்சும்மா."

அதோடு சரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க மட்டும் தவறாமல் போவார். பெரிய மனசு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். விஷயம் வேறு. அங்கே ஒரு நர்ஸ் அவர் கையைப் பிடித்து நரம்பு தேடுவார், "வலிக்குதாண்ணே?" என்று கேட்பார், ஜூஸ் கொடுத்துப் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பேசுவார். மற்ற நாட்களில் அவரைத் தொடுவதற்கு யாரும் இல்லை.

முப்பத்திரண்டாவது முறை போனபோது, விரலில் குத்தி எடுத்த சொட்டைச் சோதித்த நர்ஸுக்கு முகம் மாறியது. இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார்.

"இன்னைக்கு எடுக்க முடியாதுண்ணே. உங்களுக்கே யாராவது குடுக்கணும் போல இருக்கு. ஹீமோகுளோபின் ஒன்பதுகூட இல்ல."

வாசல்வரை வந்தவனைத் திருப்பி அனுப்புகிறார்களே என்று அவருக்குச் சுருக்கென்றது. "சத்து மாத்திரை ஏதாவது எழுதிக் குடுங்க. அடுத்த மாசம் வந்துடறேன்."

"மாத்திரை கிடக்கட்டும். போன தடவை பதிமூணரை இருந்துச்சு. மூணே மாசத்துல அவ்வளவு ரத்தம் எங்கண்ணே போச்சு?"

"எங்க போகும்? உள்ளதான் சுத்திக்கிட்டு இருக்கும்."

நர்ஸ் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். படியேறினால் மூச்சு வாங்கியது. வயசு என்று விட்டிருந்தார். நாலு வாய் தின்றதும் வயிறு முட்டியது. கடைச் சாப்பாட்டு எண்ணெய் என்று நினைத்தார். நெஞ்செரிச்சலுக்கு மருந்துக் கடையிலேயே கேட்டு பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். பெல்ட்டில் இரண்டு புது ஓட்டைகள், வேலைக்குக் கொண்டுபோகும் டிரில்லால் அவரே போட்டவை. தனித்தனியாக எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. கேட்க ஆள் இல்லாததால், அவரும் இதையெல்லாம் ஒன்றுசேர்த்து நினைத்ததில்லை.

"வெளிய போறது என்ன கலர்ல இருக்கு?"

அவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கறுப்பா. தார் மாதிரி பிசுபிசுன்னு. ஒரு மாசமா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இதைப் போய் யார்கிட்டங்க சொல்றது?"

நர்ஸ் ஒரு சீட்டு எழுதிக் கையில் திணித்தார். "வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா இப்படிக் கறுப்பாப் போகும்ணே. வெறும் புண்ணாவும் இருக்கலாம். ஆனா உள்ள பாத்துத்தான் சொல்ல முடியும். நாளைக்கே போங்க. இழுத்தடிக்காதீங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்கும் இடத்தில், "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்கள். "காரை நிறுத்தப் போயிருக்காங்க" என்று புளுகினார். காரும் இல்லை, ஆளும் இல்லை. தொண்டையை மரத்துப்போகச் செய்து குழாயை இறக்கி, உள்ளேயிருந்து துளி சதை கிள்ளி எடுத்தார்கள். கண்ணில் நீர் வழிய, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நாள் கழித்துச் சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய். "இரைப்பையோட அடிப்பக்கம். ஸ்கேன்ல வேற எங்கயும் பரவினதா தெரியல. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "வீட்டுல யாரையாவது வரச் சொல்லுங்க."

வராந்தாவில் நின்று தங்கைக்குப் போன் போட்டார்.

"என்னண்ணா, இன்னைக்குப் புதன்கிழமைதானே?"

"அண்ணா? அண்ணா?" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"சாப்பிட முடியலம்மா" என்றார் கடைசியில்.

மறுநாள் காலையில் பையும் கையுமாக வந்து நின்றாள். அவர் இளைத்த கோலத்தைப் பார்த்துத் திட்டித் தீர்த்தாள். பிறகு பாத்ரூமுக்குள் போய் அழுதாள். அவருக்கு யாரோ கொடுத்த ரத்தம் இரண்டு பாட்டில் ஏற்றி, இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்தார்கள். பிறகு சில மாதம் மருந்து ஏற்றினார்கள். தங்கைக்கும் குடும்பம் இருக்கிறது; நாற்பதாம் நாள் ஊர் திரும்பினாள்.

இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். அவசரமாகத் தின்றால் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடக்கும். படியேற வேண்டாம் என்று கம்பெனியில் அவரைப் போன் எடுக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு. நான் லைன்லதான் இருக்கேன்" என்று சொல்லி, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். கதவு திறந்ததும் பெரும்பாலானவர்கள் சொல்லாமல் போனை வைத்துவிடுகிறார்கள்.