கத்த வேண்டிய கடைசி வரி

எம்.ஏ. தமிழ் இரண்டாம் வருஷத்தில் நவீன கவிதைக்கென்று தனியாக ஒரு தாள் இருந்தது. அதை நடத்திய மேடம், "கண்ணால படிச்சா பாதிதான் கிடைக்கும். வாயில போட்டுப் பாருங்க, உடம்பால செஞ்சு பாருங்க," என்பார். ஆளுக்கொரு கவிதை கொடுத்து நிகழ்த்தச் சொன்னார். எனக்கு வந்ததில் வாக்கியமே கிடையாது. சொற்கள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு ஓடும். ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போய், கடைசி வரியில் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

ஊட்டியில் கல்லூரி. குன்னூருக்குக் கீழே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைனில் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அப்பாவுக்கு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், பகலெல்லாம் தூங்குவார். பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் கேட்கும். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிசுகிசுத்தே பழகினேன். மூச்சு பிடிபட்டுவிட்டது. கத்துவது மட்டும் பாக்கி.

கல்லூரி லீவு நாள் ஒன்றில் தேயிலைக்காட்டின் மேல் ஓரத்துக்குப் போனேன். ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, முழுக்கச் சொல்லி, கடைசியில் கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. பயமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. உடனே கீழேயிருந்து கூச்சல். யாரையோ கரடி அடித்துவிட்டது என்று நினைத்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தது அம்மா. விழுந்து எழுந்து வந்திருக்கிறாள், முழங்கையில் ரத்தம்.

"எங்கடி அடிச்சுது?"

"ஒண்ணுமில்லம்மா. கவிதை."

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்பா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கத்துறதுக்கா காலேஜு? படிக்கிறத மனசுக்குள்ள படி."

வகுப்பில் என் முறை வந்தது. சொற்கள் ஓடின. கடைசி வரிக்கு வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூடவும் தோன்றாமல் அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கைதட்டினார்கள். மேடத்துக்குக் கண் கலங்கியிருந்தது. "அந்த மௌனம்! என்ன ஒரு முடிவு!"

"நானா செய்யலைங்க மேடம். சத்தம் வரலைங்க."

"அந்த வராத சத்தம்தான் கவிதை. அதை மாத்திடாதே."

கல்லூரி விழாவிலும் அதையே செய்ய வைத்தார். ஒத்திகையில் ஒருமுறை கத்தப் பார்த்தேன். "வேண்டாம், கெட்டுப்போயிடும்," என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வீட்டில் கத்தினால் மானம் போகும். இங்கே கத்தினால் கவிதை போகும். மேடை விளக்குக்குக் கீழே வாயைப் பிளந்தபடி நின்றபோது தாடை வலித்தது. லீவு போட்டு வந்திருந்த அம்மா, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில், முன்வரிசைகளில் ஒன்றில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ் அருவங்காடு தாண்டியது. அம்மா கேட்டாள்.

"ஏன்டி கத்தல?"

"கத்தக்கூடாதுன்னு அப்பா சொன்னாரே."

"அது லைனுல. இங்க யாரு உன்னத் தடுத்தா? இன்னிக்காவது பயப்படாம கேக்கலாம்னுதான் வந்தேன்."

மேடம் சொன்னதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பஸ் வளைவில் திரும்ப, நின்றிருந்தவர்கள் எங்கள் மேல் சாய்ந்தார்கள். "தெரியலம்மா," என்றேன். பஸ் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டிருக்காது.