இரண்டு விரலோடு விட்டேன்

போன வாரம் பாகூர் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். மாடு குளிப்பாட்ட வந்தவர் என் இடது காலையே பார்த்தார். "இன்னா அய்யா, ரெண்டு வெரலக் காணோம்?"

நியாயமான கேள்விதானே!

இரண்டு வருஷத்துக்கு முன் வண்டிச் சக்கரம் ஏறி அந்த விரல்கள் நசுங்கின. கறுத்துவிட்டன, எடுத்துவிட வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து எழுதிப் பிழைக்கிறவன்... விரலைக் கொடுப்பேனா? இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்றேன்.

பக்கத்துக் கட்டில்களில் இரண்டு பேர். ஒருவர் சைகோனில் பிரெஞ்சுச் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற ரத்தினம். மற்றவர் கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு வெட்டும் சவரிமுத்து. அவருக்கு வலது கால் முழங்காலோடு போயிருந்தது.

ரத்தினம் கப்பலில் கற்றுவந்த பேக்கமன் ஆட்டம்தான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. இரண்டு பகடையை உருட்டி, பதினைந்து காய்களையும் சுற்றிக் கொண்டுவந்து முதலில் வெளியே எடுப்பவருக்கு வெற்றி. உண்மையில் அது இருவர் ஆட்டம். நாங்கள் மூவர் என்பதால் ஒருவர் தனியாக, மற்ற இருவர் ஒரு கட்சி. காய் நகர்த்துவது கட்சியின் கேப்டன். பந்தயம், ஆளுக்குச் சாயங்கால ரொட்டியில் ஒரு துண்டு.

இதில் ஒரு வம்பு உண்டு. ஆட்டம் தன் பக்கம் சாய்ந்தால் 'டபுள்' கேட்கலாம். 2, 4, 8 என்று எண் எழுதிய மரக்கட்டையை நடுவில் வைப்பார்கள். எதிர்க்கட்சியில் ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு சொல்லலாம். ஒப்புக்கொண்டால் பந்தயம் இரண்டு துண்டு. விட்டால் ஒரு துண்டோடு போயிற்று. நாலில் ஒரு தடவையாவது ஜெயிக்க வழியிருந்தால் ஒப்புக்கொள், இல்லையா, விட்டுவிடு — இது ரத்தினம் சொல்லிக்கொடுத்த சூட்சுமம்.

ஒரு மாலை அவர் தனி. டபுள் கேட்டார். கேப்டன் நான், எங்கள் காய்கள் பாதி வழியில் கிடந்தன. சவரிமுத்து யோசிக்காமல் விட்டுவிட்டார். எனக்கோ ரோஷம் — ஒப்புக்கொண்டேன். இரண்டு துண்டும் போயிற்று.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். விரலில் இருந்த சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது. நான் மறுபடியும் நாலு நாள் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார்.

சவரிமுத்து அதிகம் பேசாதவர். அன்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நேத்து ஒண்ணோட வுட்டிருக்கலாம், ரெண்டு போச்சு. ரொட்டின்னா இன்னிக்கு சாயங்காலம் வந்துரும் அய்யா. எனக்கும் மொதல்ல ரெண்டு வெரலுதான் சொன்னாங்க. பதினஞ்சு நாளு பாத்தேன்."

கையை உயர்த்தி டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

அன்றே விரல்களை எடுத்தார்கள். கால் பிழைத்தது.

காயம் ஆறியதும் கரிக்கலாம்பாக்கம் போனேன் — சைக்கிளில், என் இரண்டு காலாலும் மிதித்து. சவரிமுத்து கட்டைக்காலை நீட்டி உட்கார்ந்து நடவுக்குக் கரும்புக் கரணை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். அவர் என் காலைப் பார்த்தார், சிரித்தார், ஒரு கரும்பை எடுத்துக் கொடுத்தார்.

தான் பட்ட வேதனையை எடுத்துச் சொல்லி இன்னொருவனைக் காப்பாற்ற எத்தனை பேருக்கு மனசு வரும்? இன்றும் சைக்கிளில் ஏறும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

செருப்பு தைப்பவர் மட்டும் எட்டு விரலுக்கும் முழு விலைதான் கேட்கிறார்!