கறுப்புக்கும் கருநீலத்துக்கும் நடுவில்

பல்ப் கம்பெனியில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒன்பது வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே ஹெட்போன். இணையத்தில் பல்ப் வாங்கியவர்கள் கூப்பிடுவார்கள். எரியவில்லை, உடைந்து வந்தது, ஹோல்டரில் உட்காரவில்லை. ஒரே குரலில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, வீட்டில் கணவர் தண்ணீர் கேட்டால்கூட "சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று வாயில் வந்துவிடும்.

அன்று காலையிலிருந்தே காது வலி. பதினேழாவது அழைப்பில் ஒரு தையல்காரர்.

"மூணு தடவ மாத்தி அனுப்பிட்டீங்கம்மா. பல்ப் நல்லாத்தான் எரியுது. எனக்குத்தான் கண்ணு போச்சோ என்னவோ."

பல்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி நாலு நிமிஷத்தில் முடித்திருக்கலாம். "எரியுதுன்னா அப்புறம் என்ன குறை, ஐயா?" என்று கேட்டது அவள் வாய்தான், மனசு எப்போதோ தூங்கப் போயிருந்தது.

"கறுப்புத் துணிக்குக் கருநீல நூல் போட்டுட்டேன். வெயில்ல பார்த்தா பல்லை இளிக்குது. இன்டர்வியூக்குப் போட்டுக்கிட்டுப் போக வேண்டிய துணி, அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. நாப்பது வருஷத்துல இப்படி ஆனதில்ல. கடைய மூடிடுங்கன்னு மருமக சொல்றா."

அவள் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடப் பளிச்சென்ற பல்பைத்தான் அனுப்பியிருந்தார்கள். என்ன வேலைக்கு வெளிச்சம் என்று யாரும் கேட்கவில்லை. அதில் இரண்டை அனுப்பியவள் அவளேதான்.

"சாயங்காலத்துக்குள்ள நானே கூப்பிடறேன், ஐயா."

சாப்பாட்டு நேரத்தில் கீழே குடோனுக்குப் போனாள். குடோன்காரரின் கறுப்புக் குடையை விரித்து, தன் கருநீலத் துப்பட்டாவை அதன்மேல் போட்டாள்.

"என்னக்கா, உள்ளேயே மழையா?"

"பேசாம ஒவ்வொரு பல்பா மாட்டுங்க."

நாலு பல்ப் வரை இரண்டும் ஒரே கறுப்பு. ஐந்தாவதில் துப்பட்டா நீலமாகப் பிரிந்து நின்றது. நிறத்தை உள்ளபடி காட்டும் என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

"இத வாங்கறவங்க வெளிச்சம் கம்மின்னு திருப்பி அனுப்பிடுவாங்கக்கா" என்றார் குடோன்காரர்.

மேலே வந்து கூப்பிட்டாள். "ஐயா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நாங்கதான் தப்பான பல்ப அனுப்பிட்டோம். சரியானத இன்னைக்கே அனுப்பறேன்."

மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"இத என் மருமககிட்ட ஒரு தடவ சொல்றீங்களா?"

போன் கை மாறியது. அவள் மறுபடி முதலிலிருந்து, குடை, துப்பட்டா எல்லாம் சேர்த்துச் சொன்னாள். மருமகள் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"பத்தொன்பது நிமிஷம்க்கா, ஒரே ஒரு பல்புக்கு" என்றார் மேலாளர். அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

ஆறாம் நாள் தையல்காரர் கூப்பிட்டபோது அழைப்பு பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, ஒரு டைலர். அதே பல்ப் இன்னொண்ணு வேணுமாம். மருமகளும் அவர் கடையிலேயே மெஷின் போட்டுட்டாங்களாம்."

அக்காவின் காதில் யாரோ உடைந்த பல்புக்காகக் கத்திக்கொண்டிருந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.