லாப்டாப் போட்ட ஊளை

வெளிநாட்டில் அப்பா இருக்கும் பிள்ளைகளா, டென்மார்க்கில் நான் இருக்கும் குடியிருப்பில் யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் கதவைத் தட்ட மாட்டார்கள். நான்கு வருஷத்தில் முதல் தடவையாகப் போன மாதம், விடியாத ஆறு மணிக்கு, எதிர்வீட்டு அம்மாள் தட்டினார். கோட்டுக்குள் பூனை. "ஃபயர்?" என்றார். "நோ மேடம், டாட்டர்" என்றேன். பூனையை இன்னும் இறுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஊளையிட்டது என் லாப்டாப். அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்து வீட்டில், மகள் நித்யா. அங்கே பத்தரை மணி. பதினோரு மணிக்கு அவளுக்குக் காலேஜ் ஸ்காலர்ஷிப் இன்டர்வியூ, அவள் லாப்டாப்பில். ஒத்திகை பார்க்கலாம் என்று வீடியோ மீட்டிங்கில் பேசினால், அவள் வாயைத் திறந்ததும் 'கீ' என்கிறது.

"போச்சுப்பா! இப்படிக் கத்துனா என்னைய வேணாம்னுடுவாங்க."

"பதறாத கண்ணு. உங்கப்பன் தொட்டியத்துல எத்தனை திருவிழாவுக்கு மைக் செட் போட்டவன்!"

உண்மைதான். அங்கே மைக் ஊளையிட்டால் ஊரே சிரிக்கும். நான் மைக்கைத் தொடவே மாட்டேன். ஸ்பீக்கர் பாக்ஸ் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். பாக்ஸில் வரும் சத்தத்தை மைக் மறுபடி வாங்கும், பாக்ஸ் அதைப் பெரிதாக்கும், சுற்றிச் சுற்றி அதுவே ஊளையாகும். லாப்டாப்பில் இரண்டும் ஒரே உடம்பில். சவுண்டைக் குறைக்கச் சொன்னேன். ஊளை. இயர்போன் மாட்டச் சொன்னேன். அப்போதும் ஊளை. அப்படியென்றால் வேறொரு பாக்ஸ் அந்த ரூமில் இருக்கவேண்டும். திரையைப் பார்த்தேன். மூலையில் இன்னொரு சின்னக் கட்டம்; மல்லாக்க வைத்த போனிலிருந்து தெரிவதுபோல், அதில் கூரை ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது யாரு போனு?"

"என்னுதுதாங்க," என்றாள் என் மனைவி செல்வி. "நானும் இதே மீட்டிங்லதான் இருக்கேன்."

"நீ எதுக்கு?"

"உங்களை அவ மட்டும் பார்த்தா போதுமா? நான் பார்த்து மூணு நாளாச்சு."

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. "கட் பண்ணும்மா," என்றேன்.

ஃபேன் மறைந்தது. நித்யாவின் குரல் மணி மாதிரி வந்தது. அதனால் பிள்ளைகளா, ஊளை கேட்டால் லாப்டாப்பைத் திட்டாதீர்கள். அதே ரூமில் அதே மீட்டிங்கில் இன்னொரு போன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வைத்திருப்பவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் செல்வி மொட்டை மாடியிலிருந்து என் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

"கதவுல காதை வச்சுக் கேட்டுட்டுத்தான் வந்தேன். கணீர்னு பேசுறா."

அவள் முகமெல்லாம் ஸ்ரீரங்கத்து வெயில். என் போன் கண்ணாடியில், அந்த வெயிலின் மேலேயே, என் ஜன்னலும் இருட்டில் விழும் பனியும் தெரிந்தன.