ஒரு நாள் முந்திக் கிளம்புகிற லிஃப்ட் அக்கா

"இது எங்க திரும்பும்?"

ஓடி வந்து ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கண்டக்டரிடம் லிஃப்ட் அக்கா கேட்கிற கேள்வி இதுதான். எங்கே போகும் என்று கேட்கமாட்டார். அதுதான் பலகையில் எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்பது அவர் கட்சி. பஸ் எந்த இடத்தில் வட்டமடித்துத் திரும்புகிறதோ அதுவரைக்கும் டிக்கெட் வாங்குவார். டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார். அங்கே ஏற்கெனவே யாராவது இருந்தால் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீங்க எங்க இறங்கறீங்க?" என்று விசாரிக்க ஆரம்பிப்பார். இரண்டு நிறுத்தம் தாண்டி மறுபடி கேட்பார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் எந்த மனிதருக்கும் வேறு இடம் பார்க்கத் தோன்றிவிடும்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உடம்பு குச்சி. குரல் மட்டும் சந்தைக் கூட்டத்தை விலக்கி வழி வாங்கிவிடும். தொழில், லிஃப்ட்டுகளைப் பரிசோதிப்பது. கட்டடத்தின் உச்சியில் உள்ள மோட்டார் அறைக்கு ஏறி, இரும்பு வடத்தைத் தடவிப் பார்த்து, பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்து, கடைசியில் லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி, ஓடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். குழிக்குள் இறங்கினால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஊர்ப்பட்ட சாமான் கிடக்கும். சாவிக்கொத்து, சீப்பு, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை ஒரு பல்செட்டே கிடந்தது. "பல்லு விழுந்தது தெரியாம அப்படி யாருகிட்ட வாயடிச்சுக்கிட்டுப் போனாரோ மனுஷன்" என்று அதை ஒரு தாளில் சுற்றிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். லிஃப்ட் அக்கா என்ற பெயர் காவலாளிகள் வைத்ததுதான். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

ஊர் ஊராகப் போகலாம் என்றுதான் இந்த வேலையில் சேர்ந்தார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். விடியும் முன்பு கம்பெனி காரில் ஏறினால் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கட்டடத்தின் பின்வாசலில் இறக்கிவிடுவார்கள். நேரே குழி, குழியிலிருந்து உச்சி, உச்சியிலிருந்து மறுபடி கார். "எந்த ஊருக்குள்ளயும் நான் போனதில்ல. எல்லா ஊருக்கும் அடியில போயிருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பாரே தவிர, உள்ளுக்குள் அது அவருக்குப் பெரிய ஆற்றாமை.

அந்த ஆற்றாமை ஒருநாள் வெடித்தது. ஏரிக்கரை ஊர் ஒன்றில், வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்த ஓட்டல். மோட்டார் அறையில் புழுக்கம் தாங்கவில்லை. துருப்பிடித்து மூடிக் கிடந்த பின்பக்க ஜன்னலைத் தோளால் முட்டித் திறந்தார். எதிரே மலை, மலைமேல் கோட்டை. கீழே ஏரி, ஏரியில் படகு. இத்தனை வருஷமும் இது அத்தனையும் அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது, அக்கா இந்தப் பக்கம் உட்கார்ந்து மோட்டாருக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்ததும் சந்தோஷமா வந்தது? கோபம்தான் வந்தது. "யாருடா இத எங்கிட்டேருந்து ஒளிச்சு வெச்சது?" என்று மோட்டாரைப் பார்த்துக் கேட்டார். மோட்டார் என்ன சொல்லும் பாவம்.

அன்று பிடித்த பழக்கம்தான் இது. வெளியூர் வேலை என்றால் ஒரு நாள் முந்தி, சொந்த லீவில், சொந்தச் செலவில் கிளம்பிவிடுவார். கருவிப் பெட்டி மறுநாள் கம்பெனி காரில் வரும். அக்கா பாசஞ்சர் ரயிலில், டவுன் பஸ்ஸில், படகில் போய் அந்த வட்டாரத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காலையில் சரியாகக் குழி வாசலில் நிற்பார். வாடகைக் கார் ஆகவே ஆகாது. "கார்ல போனா கார்தான் ஊரப் பாக்கும், நாம காரப் பாத்துக்கிட்டிருப்போம்" என்பார்.

வீட்டுக்காரர் தையற்கடை வைத்திருக்கிறார். முதல் தடவை மட்டும், "வேலைக்குப் போறியா, ஊர் சுத்தப் போறியா?" என்று கேட்டுப் பார்த்தார். "ஊர் சுத்திட்டு வேலைக்குப் போறேன்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் சார்ஜர் எடுத்துக்கொண்டாயா என்று மட்டுமே கேட்பார். விவரமான மனிதர்.

சுற்றிப் பார்க்கிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். அக்காவுக்குச் சும்மா பார்க்கத் தெரியாது. பழைய கல்பாலத்தைக் கண்டால் கீழே இறங்கி அண்ணாந்து விரிசல் தேடுவார். அரண்மனைச் சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். எந்த ராஜா எந்த ராணியைக் கட்டினார் என்ற கதையெல்லாம் ஒரு காதில் புகுந்து மறு காதில் போய்விடும். "இவ்ளோ பெரிய கல்ல எப்படி மேல ஏத்துனாங்க, அதச் சொல்லு மொதல்ல" என்று வழிகாட்டிகளை மடக்குவார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் புது மேலாளர் வந்து சேர்ந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்தாதவர், எல்லாரையும் மேடம், சார் என்று கூப்பிடுகிறவர். ஆனால் அவருக்கு எல்லாம் ஒழுங்காக ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வேறு கிளையில் யாரோ ஒருவர் வேலைக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர, வாடிக்கையாளர் கத்தித் தீர்த்துவிட்டார் போலிருக்கிறது. உடனே இங்கே உத்தரவு வந்தது. இனி எல்லாரும் கம்பெனி காரில்தான் போக வேண்டும், காரில்தான் திரும்ப வேண்டும். மீறுகிறவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து மற்றவர்களின் அறிக்கையைச் சரிபார்க்கலாம்.

அந்த ஆபீஸ் நாற்காலியை அக்கா பார்த்திருக்கிறார். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துப் போட்டது. "அஞ்சு சக்கரம் இருக்கு, ஒரு எடத்துக்கும் போகாது" என்றார். அவருக்கு அதில் உட்காருவதைவிடக் குழியிலேயே குடியிருக்கலாம்.

கூட வேலை பார்க்கிறவருக்கு உத்தரவு அமிர்தமாக இருந்தது. அவர் பெயரே 'வந்தாச்சா'. கார் தெருமுனை தாண்டுவதற்குள் தூங்கிப்போய், கார் நின்றதும் கண்ணைத் திறந்து "வந்தாச்சா?" என்று கேட்பவர். மலை, அருவி, ஆறு எல்லாம் அவர் குறட்டைக்கு இரண்டு பக்கமும் ஓடிப் போயிருக்கின்றன. "கார் தர்றாங்க, ஏசி இருக்கு. இதுல உனக்கு என்னக்கா கொறைச்சல்?" என்றார்.

"நீ தூங்கு. நான் ஒண்ணும் சொல்லலியே."

உத்தரவு வந்த வாரமே வேலையும் வந்தது. அதே ஏரிக்கரை ஓட்டல். அந்தக் கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, அப்புறம் அந்த ஓட்டல் வேலை அக்கா பக்கம் வரவே இல்லை, இன்னும் ஏறியதில்லை. மேலாளர், கார் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று செய்தி அனுப்பினார். அக்கா "பாத்துட்டேன்" என்று பதில் போட்டுவிட்டு, முந்தின நாள் காலை பாசஞ்சர் ரயிலில் ஏறிவிட்டார்.

ரயில் ஆற்றை ஒட்டியே போனது. ஒரு நிறுத்தத்தில் ஏறிய கூடைக்காரப் பெண்கள் அக்காவின் காலடியில் கூடைகளை அடுக்கிவிட்டு, கதையையும் கையோடு ஆரம்பித்துவிட்டார்கள். ஏரிக்கரையில் இறங்கியதும் படகு. அக்கரையில் ஒரு டவுன் பஸ், மலைமேல் போகிற பஸ்.

"இது எங்க திரும்பும்?"

"கோட்டை வாசல்ல" என்றார் கண்டக்டர்.

போதும். அக்கா ஏறிவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் ஏரி ஜன்னலுக்குள் வந்து வந்து போனது. தலைக்குமேல் கோட்டைச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றுவிட்டார். வெட்கமாகக்கூட இருந்தது, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கோட்டைக்குள் ஓர் ஆழமான கிணறு. விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விரல் புதைகிற அளவுக்குத் தடம் விழுந்திருந்தது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அக்கா ஒவ்வொரு தடத்திலும் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். எத்தனை பேர், எத்தனை தண்ணீர். "எங்கிட்ட குடுத்திருந்தா இந்தக் கயித்த எப்பவோ மாத்தச் சொல்லியிருப்பேன்" என்று கிணற்றுக்குள் தலையை விட்டுச் சொன்னார். கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. பல வருஷக் கடன் தீர்ந்த மாதிரி மனசு லேசாகிவிட்டது.

வெளியே வந்தால், பஸ்ஸின் விளக்கு அணைந்து கிடக்கிறது. டிரைவர் சட்டையைத் துவைத்துக் கண்ணாடிமேல் காயப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"எப்போ கெளம்பும்?"

"காலையிலதான். இது ஹால்ட் பஸ்ஸும்மா. ராத்திரி இங்கதான் தூங்கும்" என்றார் கண்டக்டர்.

"மேல வந்தது கீழ எறங்கணுமே?"

"எறங்கும். நாளைக்கு எறங்கும்."

வாழ்க்கை முழுக்க லிஃப்ட்டோடு பழகியவருக்கு மேலே போனது அங்கேயே படுத்துக்கொள்ளும் என்று தோன்றவே இல்லை. எங்கே திரும்பும் என்று கேட்டாரே ஒழிய, எப்போது என்று கேட்கவில்லை. காலை பஸ்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேர்ந்த பிறகுதான் புறப்படுமாம். அதில் போனால் ஓட்டலுக்கு நேரத்துக்குப் போக முடியாது. போகாவிட்டால் நாற்காலி.

சொல்லி வைத்த மாதிரி மேலாளரும் அப்போதுதான் கூப்பிட்டார்.

"மேடம், நாளைக்குக் காருக்கு வந்துடுவீங்கல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை. "நான் இங்க வந்துட்டேன் சார். மலைமேல இருக்கேன். பஸ் காலையிலதான் எறங்குமாம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி. அங்க ஒரு வண்டிய ஏற்பாடு பண்ணி மேல அனுப்பறேன். எறங்கி வந்துடுங்க. இதோட இந்தப் பழக்கத்த விட்டுடறேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, நானும் மறந்துடறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அக்காவுக்கு இன்னும் ரோஷமாகிவிட்டது.

"வண்டி வேணாம் சார். காலையில குழி வாசல்ல நிப்பேன்."

"எப்படி வருவீங்க?"

"அது என் பாடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கண்டக்டர்தான் வழி சொன்னார். கோட்டையிலிருந்து ஏரிக்கரைக்குப் பழைய கல்படி ஒன்று இறங்குகிறது, அந்தக் காலத்துச் சிப்பாய்கள் ஏறி இறங்கிய படி. அடியில் முதல் படகைப் பிடித்துவிடலாம். டீக்கடைக்கார அம்மா தன் வீட்டில் படுக்க ஒரு பாய் கொடுத்தார். "காருதான் தர்றேன்றாரே, போனா என்ன?" என்று அவரும் கேட்டார். "போனா, அப்புறம் எப்பவும் அதுலதான் போகணும்" என்றார் அக்கா. கடைக்கார அம்மா யோசித்துவிட்டுத் தலையணையும் கொடுத்தார்.

விடிந்தும் விடியாததுமாக இறங்கினார். பாதிப் படி உடைந்து கிடந்தது. வலது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு திட்டியது. ஓரிடத்தில் உட்கார்ந்தே சறுக்கி இறங்க வேண்டியதாயிற்று. பயமாகத்தான் இருந்தது, விழுந்தால் எடுக்க நாதி இல்லை. பயத்துக்கு நடுவே ஏரிமேல் பனி விலகுவதையும் ஒரு கண் பார்த்துக்கொண்டார். காய்கறிக் கூடைகளோடு படகு புறப்படப்போனது. "நில்லுப்பா" என்று அக்கா விட்ட ஒரு குரலில் படகு நின்றது.

ஓட்டல் முகப்பில் மேலாளரே நின்றிருந்தார், காரில் அவரும் வந்திருந்தார். வந்தாச்சா கருவிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பின்பக்கமெல்லாம் மண்ணோடு அக்கா நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். நேரம் சரியாக இருந்தது. அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார்.

பிற்பகல் வரை வேலை. முடித்து வெளியே வந்தபோது முழங்கால் வீங்கிப்போயிருந்தது. வாசலில் கார் தயாராக நின்றது. உள்ளே குளுகுளுவென்று காற்று. பின்சீட்டில் வந்தாச்சா ஏற்கெனவே பாதி கண்ணை மூடியிருந்தார். மேலாளர் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். பின்கதவு அக்காவுக்காகத் திறந்திருந்தது.

"உங்க வேலையில நான் கொறையே சொல்லல மேடம். ஏறுங்க, ஏறிட்டா இந்தப் பேச்சு முடிஞ்சுது. இல்லன்னா திங்கட்கிழமைலேருந்து ஆபீஸ்தான். எனக்கு வேற வழியில்ல."

"ஏறுக்கா. எதுக்கு வம்பு" என்றார் வந்தாச்சா.

அக்கா அந்தச் சீட்டைப் பார்த்தார். ஆசையாகத்தான் இருந்தது. காலை நீட்டிக்கொண்டு போகலாம், வீட்டு வாசலிலேயே இறங்கலாம்.

"எந்தப் பக்கமா போவீங்க சார்?"

"பைபாஸ்தான். வேறெதுல போவாங்க?"

"ஆத்துப் பக்கம் போகாதா?"

"போகாது."

அக்கா தலையாட்டினார். "நேரத்துக்கு வேலைக்கு வரணும்னு கேக்கறது உங்க உரிமை. வந்துட்டேன். எந்த வழியா வர்றேன்றது என்னோடது சார். திங்கட்கிழமை நாற்காலியப் போடுங்க, வந்து நின்னுக்கிட்டே பேசறேன்."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பின்கதவை வெளியிலிருந்து சாத்தினார். வீங்கிய காலை ஊன்றி ஓரடி பின்னால் நகர்ந்து, உள்ளங்கையை விரித்து, காரின் பக்கவாட்டுத் தகட்டில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்."