செண்பகம் இனிப் பிள்ளைகளை அழைத்து வரமாட்டார்

செண்பகம் இறந்த செய்தி, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் சங்கராபுரம் பேருந்துக்காக நான் நின்றிருந்தபோது வந்தது. அவரைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன். மாரடைப்பு என்றார் அவருடைய தம்பி. அதே பேருந்தில் ஏறினேன், போகுமிடம் மாறவில்லை.

கள்ளக்குறிச்சி நகரைக் குழந்தைகளுக்கு உகந்ததாக்க அமைக்கப்பட்ட குழுவில் நாங்கள் இருவரும் உறுப்பினர்கள். நான் அறிக்கை எழுதினேன். அவர் தெருத்தெருவாக நடந்தார். ஒவ்வொரு முனையிலும் குந்தி உட்கார்ந்து, ஒரு குழந்தையின் கண்மட்டத்திலிருந்து சாலையைப் பார்ப்பது அவர் வழக்கம். ஒருமுறை குழுத் தலைவரையும் அப்படி உட்கார வைத்தார்.

"இன்னா சார் தெரியுது?"

"வண்டிதாம்மா தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

"புள்ளைங்களுக்கும் அதாங்க சார் தெரியுது."

தலைவர் சிரித்தபடி எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அந்தத் தெருவில் அவர் கண்டுகொண்டது அந்தத் தூசி மட்டுமே.

கருத்துச் சொல்வதும் குழந்தைகளின் உரிமை என்பதால் ஒரு கூட்டம் நடத்தினோம். பிள்ளைகளைத் திரட்டி வந்தவர் செண்பகம். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுமி எழுந்து, விடுதிக்குப் பின்னாலுள்ள காலி மனையைத் தங்களுக்கு விளையாட விட்டுவிடும்படி கேட்டாள். அவர்கள் பயமின்றி ஓட நகரில் வேறு இடமில்லை. கைதட்டினோம். பிஸ்கட் கொடுத்தோம். படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த மனை கார் நிறுத்துமிடமாயிற்று. குழந்தைகளின் கருத்து கேட்கப்பட்டது என்று அறிக்கையில் எழுதினோம். அது பொய்யன்று. கேட்கத்தான் செய்தோம்.

"நாங்க சரியா சொல்லலியாக்கா?" என்று அந்தச் சிறுமி செண்பகத்திடம் கேட்டிருக்கிறாள். சரியாகத்தான் சொன்னாய் என்று இவர் எத்தனையோ விதமாகச் சொல்லியும் அவள் நம்பவில்லை. அதை என்னிடம் சொன்னபோது அவர் அழவில்லை.

"தப்பு அதுங்க மேலதான்னு நெனச்சிக்கினு இருக்குதுங்க சார். காது குடுக்காத எடத்துக்கு இனிமே ஒரு புள்ளையக்கூட கூட்டிக்கினு வரமாட்டேன்."

அதன்பிறகு கூட்டங்களுக்குத் தனியாகவே வந்தார். அந்த மனையைப் பற்றி மட்டுமே பேசினார். பிடிவாதக்காரி என்றார்கள். தலைவர் பலமுறை கேட்டும் பிள்ளைகளை அழைத்து வரவில்லை.

அவரை அறிந்தவர்களே, இரங்கல் கூட்டம், அன்று பிள்ளைகள் பேசிய அதே அரங்கில்தான் நடக்கவிருக்கிறது. விடுதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அவர் படத்துக்குப் பூப்போட வைப்பது ஏற்பாடு. அவர்களை அழைத்துவரும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். அழைத்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செண்பகத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான்.